பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா?

வசந்தகுமார் ஊருக்கெல்லாம் ஒழுக்கம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், சூரியோதயத்தோடு அவருக்கு நேரடிப் பழக்கம் எதுவும் கிடையாது. கேள்விப்பட்டிருந்தார். படங்களில் பார்த்திருந்தார். தன் காணொளிகளில் அதைப் பற்றி உருக்கமாகப் பேசவும் செய்தார். இருவரும் ஒருவரையொருவர் நேரில் சந்திக்கத்தான் வாய்ப்பு அமையவில்லை.

துபாயில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்தபோது அவர் இருட்டோடு எழுந்தவர்தான். கம்பெனி பஸ் தங்குமிடத்து வாசலுக்கு வரும். ஏறாதவனுக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லை. வருஷக்கணக்கில் ஒருநாள்கூட அவர் அந்த பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. அந்த பஸ்ஸைத் தன்னுடைய ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டதுதான் அவர் செய்த ஒரே பிழை. ஊர் திரும்பி, புதுக்கோட்டை மச்சுவாடியில் குடியேறிய பிறகு, வாசலுக்கு எந்த பஸ்ஸும் வரவில்லை. எழுந்திருக்கும் வேலையும் அத்தோடு நின்றது. ஆனால் எழுந்திருப்பதைப் பற்றிப் பேசும் திறமை மட்டும் நாளுக்கு நாள் மெருகேறியது. அதைப் பார்த்த நண்பர்கள் இதையே தொழிலாகச் செய்யலாமே என்றார்கள். இப்படித்தான் ‘வெற்றி விடியல் பயிற்சி மையம்’ பிறந்தது.

ஒரு செல்போன் கடையின் மாடியில் மையம். முதலில் காலை ஆறு மணிக்கு வகுப்பு என்று பலகையில் எழுதியிருந்தார்கள். பிறகு, பொதுமக்களின் வசதியை முன்னிட்டு, அது பத்தரைக்கு மாறியது. காணொளிகளைப் பொறுத்தவரை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்ட கையோடு ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, ஒரு வாரத்துக்குத் தேவையானதை ஒரே மூச்சில் எடுத்துவிடுவார். சட்டையை மாற்றுவார், தலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்வார், கேமராவைப் பார்த்து, “இப்போது மணி நாலரை. உலகம் தூங்குகிறது. நாம் தூங்கவில்லை” என்பார். அடுத்த சட்டைக்குப் போவார். கடைசிச் சட்டை முடிந்ததும் போய்ப் படுத்துவிடுவார்.

அவர் மனைவி வனிதா ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. அவள் தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, சாப்பாடு கட்டி, பள்ளி வேனைப் பிடிக்கிறவள். இதை வசந்தகுமார் ஒழுக்கத்தில் சேர்க்கவில்லை. அது சும்மா பழக்கம் என்று விட்டுவிட்டார்.

வினை ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பில் வந்தது. அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரண புருஷர் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் முதலாளி. அந்த மனிதர் நாலு மணிக்கு எழுகிறார், ஐஸ் தண்ணீரில் குளிக்கிறார், ஒரு மணி நேரம் ஓடுகிறார், ஒரு மணி நேரம் படிக்கிறார், ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். வசந்தகுமார் இதைச் சொல்லி முடித்து, கூட்டம் மெய்மறந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு பார்த்தார். முன்வரிசையில் இன்னாசியம்மாள் கையைத் தூக்கியிருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பொழுது போகவில்லை என்று வகுப்பில் சேர்ந்தவர்.

“சார், அவங்க ஊர்ல தண்ணி எத்தன நாளைக்கி ஒருக்கா சார் வருது?”

அறை சிரித்தது. இன்னாசியம்மாள் சிரிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் ஓடுகிறவர் வீட்டில் யார் மாவாட்டுகிறார்கள், கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பால்காரர் வந்தால் யார் எழுந்து போகிறார்கள் என்றெல்லாம் வரிசையாகக் கேட்டார். பிறகு, நம் பக்கத்தில் இப்படி யாராவது இருந்தால் காட்டுங்கள், எல்லாருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று முடித்தார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தன் வகுப்பில் அவ்வளவு ஒருமித்த உற்சாகத்தை வசந்தகுமார் அதற்கு முன் கண்டதில்லை.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்ட வனிதா ரசத்தை ஊற்றிக்கொண்டே, அதற்கு எதற்கு இவ்வளவு யோசனை, வல்லத்திராக்கோட்டையில் என் பெரியம்மா இல்லையா என்றாள்.

பெரியம்மா கண்ணாத்தாளை வசந்தகுமார் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறார். ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. அவருடைய நாள் எப்படிப் போகும் என்று வனிதா சொல்லச் சொல்லத்தான் அவருக்கு வாய் பிளந்தது. சேவல் கூவுமுன் எழுந்துவிடுவாராம். மாட்டைக் கறந்து, வாசல் தெளித்து, கத்தரியும் வெண்டையும் பறித்துக் கூடையில் அடுக்கி, முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை உழவர் சந்தைக்கு வந்து வாசலோரக் கடையைப் பிடித்துவிடுவாராம். காய் தீர்ந்ததும் திரும்பிப் போய் களை எடுப்பு, மோட்டார், மாட்டுக்குப் புல். பெரியப்பா சேவுகனுக்கு வேளாவேளைக்குத் தட்டில் சோறு விழும். தன் கடைசி மகள் கல்யாணத்தன்றே பட்டுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். இத்தனைக்கும் வயது அறுபதை நெருங்குகிறது.

வசந்தகுமார் மறுநாளே வல்லத்திராக்கோட்டைக்கு மூட்டை கட்டினார். போனில் கேமரா, கையில் மைக், மனதில் ஒரு தலைப்பு: ‘மண்ணின் மகள் சொல்லும் மகத்தான ரகசியம்’.

புழுக்கத்துக்காக வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். விடிய வெகுநேரம் இருக்கும்போதே ஏதோ சத்தம் கேட்டு விழித்தார். கண்ணாத்தாள் கதவைத் திறந்துகொண்டு வந்தார். சாமி கும்பிடவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. முகம்கூடக் கழுவவில்லை. நேராக மேற்குச் சுவர் பக்கம் போய், அங்கே கிடந்த ஒரு கல்லின் மேல் ஏறி, குதிகாலை உயர்த்திப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தார். அந்த வீடு இருட்டாக இருந்தது. கண்ணாத்தாள் முகத்தில் ஒரு நிறைவு வந்தது. கல்லிலிருந்து இறங்கி, வாளியை வேண்டுமென்றே சிமெண்டுத் தரையில் ‘டங்’கென்று வைத்தார். அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. அங்கே ஏதோ ஒரு பாத்திரம் பதிலுக்கு விழுந்தது.

வசந்தகுமாருக்கு இதில் ஒன்றும் பிடிபடவில்லை. பகலில் தோட்டத்துக்குப் போய்ப் பேட்டி எடுத்தார். அத்தையின் வாழ்க்கைக் குறிக்கோள் என்ன என்று கேட்டார். கத்தரிக்கு மருந்து அடிக்க வேண்டும் என்றார் கண்ணாத்தாள். அது இல்லை, நெடுநாள் குறிக்கோள் என்று விளக்கினார். கண்ணாத்தாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெண்டைக்கும் அடிக்க வேண்டும் என்றார். காலையில் எழும்போது உள்ளுக்குள் ஏதாவது குரல் கேட்கிறதா என்றதற்கு, எழுகிற நேரத்தில் மாடுதான் கத்தும் என்று பதில் வந்தது. மைக்கில் அதன் பிறகு பதிவானதெல்லாம் மண்வெட்டிச் சத்தம்.

மறுநாள் விடியலில் காட்சி தலைகீழானது. கண்ணாத்தாள் கல்லில் ஏறிப் பார்த்தபோது பக்கத்து வீட்டில் ஏற்கனவே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாத்தாளை யாரோ சாட்டையால் அடித்ததுபோல் ஆயிற்று. அன்றைக்கு அவர் நடக்கவில்லை, ஓடினார். மாடே மிரண்டது. பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று சொன்ன புருஷனைப் பார்த்த பார்வையில், சேவுகன் தானாகவே கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தபோது வசந்தகுமார் சேவுகனிடம் விசாரித்தார். பக்கத்து வீட்டில் இருப்பது சேவுகனின் தம்பி மனைவி அழகம்மாள். தம்பி இறந்து வெகுநாள் ஆகிறது. கண்ணாத்தாளின் பேரனுக்குக் காது குத்தின விசேஷத்தில் பந்தி போடத் தாமதமாகிவிட்டது. பசியோடு உட்கார்ந்திருந்த சொந்தபந்தமெல்லாம் கேட்கிற மாதிரி அழகம்மாள் ஒரு வார்த்தை சொன்னார்: பாயைச் சுருட்டவே பத்து மணி ஆகிற வீட்டில் பந்தி எப்படி நேரத்துக்கு வரும்? கண்ணாத்தாள் சும்மா விடவில்லை. இருட்டோடு எழுகிற மகராசி தோட்டத்தில் எருக்கஞ்செடியைத் தவிர என்ன முளைக்கிறது என்று திருப்பிக் கேட்டுவிட்டார். அன்றோடு பேச்சு முடிந்தது. மறுநாளிலிருந்து கண்ணாத்தாள் இருட்டோடு எழுந்தார். அழகம்மாள் தோட்டத்தில் காய் குலுங்க ஆரம்பித்தது. இவர் முந்தி எழுந்தால் அவர் அதற்கு முந்தி எழுந்தார். அவர் ஒரு பாத்தி கூட்டினால் இவர் இரண்டு கூட்டினார். அந்தப் பேரன் இப்போது காலேஜில் படிக்கிறான்.

“இதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல மாப்ள,” என்றார் சேவுகன். “நேரத்துக்குச் சோறு வருது. அவ அங்கிட்டு ஒரு நாளு படுத்துட்டா இவளும் இங்கிட்டுப் படுத்துருவா. சாமி புண்ணியத்துல ரெண்டு பேருக்கும் ஒடம்பு நல்லா இருக்கு. இதை இப்புடியே விட்டுட்டுப் போயிருங்க.”

உலகத்துப் பயிற்சி மையங்கள் எல்லாம் சேர்ந்து தேடிய ரகசியம் வசந்தகுமாருக்கு ஒரு மோட்டார் கொட்டகையில் கிடைத்துவிட்டது. ஆனால் அதை எப்படி மேடையில் சொல்வது? ‘வெற்றிக்கு முதல் படி: ஒரு ஓரகத்தி வேண்டும்’ என்று பலகையில் எழுத முடியுமா? அவர் படித்த எந்தப் பாடத்திலும் வன்மம் என்று ஓர் அத்தியாயம் இல்லை. அதெல்லாம் தீய சக்தி, மனிதனைக் கீழே இழுப்பது என்றுதான் போட்டிருந்தது. அந்தத் தீய சக்தி இரண்டு தோட்டங்களைத் தூக்கி நிறுத்தியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் அவருக்குப் புத்தகத்தின் மேல்தான் நம்பிக்கை. அவர் ஒரு கணக்குப் போட்டார். கோபத்திலேயே இவ்வளவு உழைக்கிறார்கள் என்றால், அன்பில் எவ்வளவு உழைப்பார்கள்! இருவரையும் சேர்த்து வைத்து ஒரே மேடையில் நிறுத்திவிட்டால் ஒழுக்கமும் ஆச்சு, ஒற்றுமையும் ஆச்சு, காணொளியும் ஆச்சு.

சேவுகனின் புத்திமதி காற்றோடு போனது.

சேர்த்து வைக்க வசந்தகுமார் கையாண்ட முறை பழையதுதான். அழகம்மாளிடம் போய், உங்களை மாதிரி உழைக்கிற பெண் இந்த வட்டாரத்திலேயே இல்லை என்று கண்ணாத்தாள் அத்தை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார் என்றார். கண்ணாத்தாளிடம் வந்து, அக்காவிடம் கற்றுக்கொண்டதுதான் எல்லாம் என்று அழகம்மாள் கண்கலங்கியதாகச் சொன்னார். இரண்டும் சுத்தப் பொய். அழகம்மாள் முதலில் நம்பவில்லை, அவள் வாயில் அப்படியெல்லாம் வராதே என்றார். ஆனாலும் அன்று மாலை, சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் பூசணிக்காய்க் கூட்டு வந்து உட்கார்ந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கிண்ணம் கழுவித் திரும்பிப் போனது.

திருவரங்குளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா ஏற்பாடாயிற்று. ‘ஒழுக்கச் சுடர்’ என்று ஒரு விருது. கண்ணாடியில் செய்த தீபம், கீழே வசந்தகுமாரின் படம். மேடையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு நாற்காலி போட்டு, இரண்டு பெண்களையும் உட்கார வைத்தார். இருவரும் சபையைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் மட்டும் பார்க்கவில்லை. வசந்தகுமார் அன்பின் ஆற்றலைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு, இருவரையும் நடுவில் வந்து நிற்கச் சொன்னார். வந்து நின்றார்கள். மைக்கை நீட்டினார். அழகம்மாள் அதை வாங்கவில்லை.

“அக்கா, அன்னைக்கி நான் வாய் தவறிச் சொல்லிப்புட்டேன்,” என்றார்.

“வாய் தவறல. நெசத்தத்தான் சொன்ன,” என்றார் கண்ணாத்தாள். “அன்னைக்கி நான் லேட்டாத்தான் எந்திரிச்சேன். பிள்ளைக்கி மொத நாளு ராத்திரி பூராக் காய்ச்ச. மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

“அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா?”

“நீ கேக்கலயேடி.”

அதற்குப் பிறகு இருவரும் அழுதார்கள். மண்டபமே அழுதது. வசந்தகுமாருக்கும் கண் கலங்கியது. அந்தக் கலக்கத்திலும் போன் சரியான கோணத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அந்தக் காணொளி பரவிய வேகத்தில் அவர் நாலரை மணிக் காணொளிகள் எல்லாம் வெட்கப்பட்டிருக்கும். எங்கெங்கிருந்தோ கூப்பிட்டார்கள். வகுப்பில் புது ஆட்கள் சேர்ந்தார்கள். ‘விடியல் தரிசனம்’ என்ற பெயரில் எல்லாரையும் ஒரு பஸ்ஸில் வல்லத்திராக்கோட்டைக்கு அழைத்துப் போய், இரண்டு பெண்களும் இருட்டில் எழுந்து உழைப்பதை நேரில் காட்டுவதாக அறிவித்தார். முதல் பெயர் கொடுத்தவர் இன்னாசியம்மாள்.

இதற்கிடையில் வல்லத்திராக்கோட்டையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை விசாரிக்க அவருக்கு நேரமில்லை.

அங்கே இரண்டு பெண்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்த பேச்சு. செத்தவர்களைப் பற்றி, பிறந்தவர்களைப் பற்றி, இடையில் நடந்த கல்யாணங்களில் யார் யாருக்கு மரியாதை செய்யவில்லை என்பதைப் பற்றி. முதலில் சுவருக்கு இரு பக்கமும் நின்று பேசினார்கள். பிறகு கால் வலிக்கிறது என்று சேவுகனை விட்டு நாலு வரிசைக் கல்லைப் பெயர்க்கச் சொல்லி, சுவர் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். எதற்கு இருட்டில் எழ வேண்டும் என்று இருவருமே ஒருநாள் ஒரே நேரத்தில் யோசித்தார்கள். பதில் கிடைக்கவில்லை. மறுநாள் வெயில் வந்த பிறகு எழுந்தார்கள். உடம்புக்கு இதமாக இருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் இதமாக இருந்தது. கத்தரி செடியிலேயே பழுத்து மஞ்சளாயிற்று. வெண்டை முற்றிக் கட்டையானது. சந்தையில் வாசலோரக் கடையை வேறு யாரோ பிடித்துக்கொண்டார்கள். மாடு கத்திக் கத்தி ஓய்ந்து, கடைசியில் சேவுகனே கறக்கக் கற்றுக்கொண்டார். ஒருநாள் இரண்டு பேரும் திடீரென்று பஸ் ஏறிக் காணாமல் போனார்கள். மீமிசலில் மீன் புதுசாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். போய், கடலைப் பார்த்து, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயத் திரும்பினார்கள். அன்றைக்குச் சேவுகன் தண்ணீர் சோற்றில் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, மாப்பிள்ளை வசந்தகுமாரை நினைத்துக்கொண்டார்.

விடியல் தரிசன நாள் வந்தது. நேரத்தில் எழுவதற்கு வசந்தகுமாருக்குத் தெரிந்த ஒரே வழி தூங்காமலிருப்பதுதான். கண் சிவக்க பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் கொட்டாவியை அடக்கிக்கொண்டு வந்தார். வல்லத்திராக்கோட்டையில் இறங்கியதும் கூட்டத்தை வாசலில் சத்தமில்லாமல் நிறுத்தினார். இப்போது பாருங்கள், முதலில் அந்த வீட்டில் விளக்கு எரியும் என்று கிசுகிசுத்தார்.

எரியவில்லை. இந்த வீட்டிலும் எரியவில்லை. கூட்டம் காத்திருந்தது. கிழக்கு வெளுத்தது. சூரியன் வந்தது. வசந்தகுமாரும் சூரியனும் கடைசியில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். அதை ரசிக்கும் நிலையில் அவர் இல்லை. கொசுக்கடி தாங்காமல் சிலர் பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்தார்கள். இன்னாசியம்மாள் மட்டும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய், கறந்துகொண்டிருந்த சேவுகனோடு பேச்சுக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

கடைசியில் கதவு திறந்தது. அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே கண்ணாத்தாள் வந்தார். வாசல் நிறைய ஆட்களைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார்.

“என்ன மாப்ள, இந்நேரத்துக்கு? யாருக்கும் ஏதும் ஆகிப்போச்சா?”

வசந்தகுமார் அவரைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். இனி ஒரே வழிதான் என்று தோன்றியது. பொய் சொல்லிச் சேர்த்து வைத்ததைப் பொய் சொல்லியே பிரித்துவிட்டால், அரை மணி நேரத்தில் தோட்டத்தில் வேலை தூள் பறக்கும். கூட்டமும் அதைப் பார்த்துவிட்டுப் போகும். குரலைத் தாழ்த்தி, வருத்தத்தோடு சொல்கிற மாதிரி, அழகம்மாள் அத்தை சந்தையில் நாலு பேர் முன்னால் மறுபடியும் அந்தப் பாய் விஷயத்தைச் சொன்னாராம், எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது என்றார்.

கண்ணாத்தாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு திரும்பி, சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அடி அழகம்மா, இங்கிட்டு வாடி. நீ சந்தையில என்னமோ சொன்னியாம். மாப்ள சொல்றாரு.”

அழகம்மாள் பல்பொடி விரலோடு வந்தார். சந்தைப் பக்கமே போய் நாளாயிற்றே என்றார். அப்புறம் இருவரும் நின்று நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு நீ என்னை மெச்சியதாகச் சொன்னாரே, மெச்சினாயா என்றார் அழகம்மாள். இல்லையே, நீதானே என்னிடம் கற்றுக்கொண்டதாகக் கண்கலங்கினாய் என்று சொன்னார்? நான் எதற்கக்கா உன்னிடம் கற்கப் போகிறேன்? இதற்குள் கூட்டம் முழுக்கக் கொட்டகையைச் சுற்றி வந்துவிட்டது. வசந்தகுமார் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே அவரைக் குற்றம் சொல்லாமல் பார்த்தது அது ஒன்றுதான்.

இருவரும் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அழகம்மாள் வாயைக் கொப்பளித்துவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு, மிக மரியாதையாகக் கூட்டத்திடம் பேசினார்.

“மாப்ளயத் தப்பா நெனைக்காதீங்கத்தா. எந்திரிக்கிற பழக்கம் இருந்தாத்தானே, எந்திரிக்கிறவுக எதுக்கு எந்திரிக்கிறாகன்னு தெரியும்? எங்க வனிதா உலுப்பி விட்டாத்தான் அவருக்குப் பொழுதே விடியும். பாவம், அவருக்கு வேற தொழில் தெரியாது. ஏதோ சொல்றாரு, கேட்டுட்டுப் போங்க.”

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருமே அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். சேவுகன் எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தார். இப்போதெல்லாம் நன்றாகவே போடுகிறார் என்று கண்ணாத்தாள் பெருமைப்பட்டுக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது இன்னாசியம்மாள், இதுவரை நடந்த வகுப்புகளிலேயே இன்றையதுதான் உபயோகமாக இருந்ததாகவும், நாளையிலிருந்து தான் மத்தியானம் நன்றாகத் தூங்கப் போவதாகவும் இனி வகுப்புக்கு வரப்போவதில்லை என்றும் அன்போடு தெரிவித்தார்.

வீட்டில் வனிதா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரியம்மா இப்போதுதான் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது, இனிமேல் அங்கே போய் எதையும் திருத்தாதீர்கள் என்றாள். வசந்தகுமாருக்கு ‘பாவம்’ என்ற சொல் காதிலேயே நின்றது. படுத்தார், புரண்டார். உலுப்பினால்தானே விடியும்? பார்க்கிறேன்.

மறுநாள் வனிதாவின் அலாரம் அடித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. வசந்தகுமார் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, இருட்டில் பைக்கை எடுத்துக்கொண்டு வல்லத்திராக்கோட்டைக்குப் போய்விட்டிருந்தார். அழகம்மாள் வீட்டு வாசலில் நிறுத்தி, ஹாரனை நீளமாக அடித்தார். நான் எழுந்துவிட்டேன், நீ எழுந்தாயா என்பது அதன் பொருள். உள்ளே ஒரு சலனமும் இல்லை. மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும்.

உடம்பு இளைத்தது. வேலையெல்லாம் காலை ஏழு மணிக்குள் முடிந்தது. வகுப்பு மறுபடி ஆறு மணிக்கு மாறியது. வருகிறவர்கள்தான் குறைந்துபோனார்கள். காணொளிகளை இப்போது நிஜமாகவே நாலரை மணிக்கு எடுத்தார். முகம் வீங்கி, கண் சுருங்கி, குரல் கரகரவென்று இருந்தது. முன்பிருந்த அந்த விடிகாலைப் புத்துணர்ச்சி உங்களிடம் இப்போது இல்லை சார், நேரத்தோடு எழப் பழகுங்கள் என்று பலர் எழுதினார்கள். மனிதனை எழுப்புவது எது என்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். அதைத்தான் வகுப்பில் சொல்ல முடியவில்லை.

ஒருநாள் அவர் வழக்கம்போல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ராசாத்தி என்கிற பெண், பாதித் தூக்கத்தில், கையில் ஒரு தூக்குவாளியோடு பைக்கின் பக்கத்தில் வந்து நின்றாள். வாளியை நீட்டினாள்.

வசந்தகுமாருக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன என்று கேட்டார்.

“அரை லிட்டர் ஊத்துங்க.”

தான் பால்காரர் இல்லை என்று அவர் விளக்கினார். ராசாத்தி கண்ணைக் கசக்கி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பைக்கின் பின்னால் கேன் தொங்குகிறதா என்று எட்டியும் பார்த்தாள்.

“பின்ன எதுக்குங்க தெனம் இங்கிட்டு வந்து ஆரன் அடிக்கிறீங்க?”

வசந்தகுமார் அழகம்மாள் வீட்டைப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. ராசாத்தி காலி வாளியை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குள் திரும்பிப் போனாள்.